துண்டுக்கு அடியில் ஓர் ஊர்

எங்கள் ஒன்றியத்தில் ஆடு மேய்ச்சலுக்குப் போகும், ஆள் பிழைப்புக்குப் போவான், மழைகூட வருகிற மாதிரி வந்து பக்கத்து ஒன்றியத்துக்குப் போய்விடும், ஊர்கள் மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கும். அப்படிக் கிடந்த ஊர்களில் ஒன்றான நொச்சிவலசு, நகர எல்லை விரிவாக்க மசோதா வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய மாசி மாதத்தில், வேலம்புதூர் டவுனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே பார்த்து நடக்க ஆரம்பித்தது.

ஓடவில்லை. மேய்ந்துகொண்டே போகிற எருமை எப்படிப் போகுமோ அப்படி, பார்க்கும்போது நின்றது, பார்க்காதபோது போனது. பொழுது விடிந்தால் நேற்று மேற்கு ஜன்னலில் தெரிந்த பனைமரம் இன்றைக்குத் தெரியாது. மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் தளும்பவில்லை, அடுப்பில் வைத்த பால் பொங்கி வழியவில்லை, வேம்பில் இருந்த காக்காய்க் கூட்டில் முட்டை உருளவில்லை. முன்னால் ஊர்க் காவல்சாமி கருப்பராயன் மண்குதிரையின் மேல் அரிவாளோடு போக, பின்னால் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் வீடுகளும் கட்டுத்தறியோடு மாடுகளும் வரிசை கலையாமல் போயின. அது கடந்துபோன காடுகளில் ஒரு சோளத்தட்டுகூட ஒடியவில்லை. படகு போன பிறகு தண்ணீர் சேர்ந்துகொள்வது போல, ஊர் போன பிறகு பயிர் சேர்ந்துகொண்டு பனியோடு நின்றது.

காரணம் கேட்டவர்களுக்கு ஊர்க்காரர்கள் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். நகராட்சி எல்லையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊராட்சிகள் எல்லாம் டவுனோடு சேரும் என்று மசோதாவில் எழுதப் போகிறார்களாம். நொச்சிவலசு மூன்றில் இருந்தது. சேர்ந்தால் தெருவிளக்கு வரும், பாதாளச் சாக்கடை வரும் என்பதை அதிகாரிகள் சத்தமாகச் சொன்னார்கள். நூறு நாள் வேலை போகும், வீட்டு வரி ஏறும், கிராம சபை என்று ஒன்று இனி இருக்காது என்பதைச் சத்தம் குறைத்துச் சொன்னார்கள். ஜீப்பில் இரண்டு பேர் வந்து எல்லைக் கல்லில் சிவப்பு மை பூசி, நம்பர் போட்டு, தலைவர் வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். ஊரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் மாட்டை விற்கிறவர்கள்கூட மாட்டைத்தான் கொடுப்பார்கள், கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். கயிற்றை அவிழ்க்கும்போது நெற்றியைத் தடவிக்கொடுத்து, இன்ன ஊருக்குப் போகிறாய், இன்னார் வீட்டுக்குப் போகிறாய், நல்லபடியாகத் தீனி போடுவார்கள் என்று காதில் சொல்லிவிட்டுத்தான் அவிழ்ப்பார்கள். சொல்லாமல் அவிழ்த்த மாடு புது இடத்தில் தண்ணீர் குடிக்காது. நொச்சிவலசுக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் அது நடந்தது, அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.

முதலில் சங்கடப்பட்டது டவுன் பஸ் கண்டக்டர் ஆறுச்சாமிதான். நிறுத்தத்தில் விசில் அடித்தார். தகரக் கூரை போட்ட நிழற்குடை இருந்தது, ஊர் இல்லை. "எறங்குங்க, எறங்குங்க, ஊரு சித்தெ முன்னால போயிருக்குது, நடந்தீங்கன்னா பிடிச்சுப்போடலாம்" என்று ஆட்களை இறக்கிவிட்டார். ஒரு வாரத்தில் அதுவும் பழகிப்போய், டிக்கெட் கிழிக்கும்போதே, "நொச்சிவலசா? நேத்து பாலத்துக்கிட்ட பார்த்தனுங்க, இன்னைக்குத் தெரியல" என்று உறவுக்காரரைப் பற்றிச் சொல்வது போலச் சொல்ல ஆரம்பித்தார். மின்வாரிய லைன்மேன் முணுமுணுத்துக்கொண்டே கம்பம் நட்டுக் கம்பியை நீட்டினார். பால் வேன்காரர் மாட்டுச் சாணியைப் பார்த்துத் திசை கண்டுபிடித்தார். கிழக்கே வாக்கப்பட்டுப் போயிருந்த நொச்சிவலசுப் பெண்கள்தான் சந்தோஷப்பட்டார்கள்; மாமியாரிடம் சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போக முன்பு இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது, இப்போது பிறந்த வீடே பொழுதுக்கும் ஒரு காடு தூரம் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது. "என்ற அம்மா ஊடு என்னைத் தேடி வருது பாருங்க" என்று மாமியார் காதில் விழுகிற மாதிரி சொன்னாள் ஒருத்தி, மாமியாரும் அன்றைக்குக் குழம்பில் உப்பு அதிகம் என்று சொல்லவில்லை.

வட்டார வளர்ச்சி அலுவலர் தேவசகாயம் நாகர்கோவில்காரர். எங்கள் ஒன்றியத்துக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அலுவலகச் சுவரில் ஒன்றிய வரைபடம் தொங்கியது. நொச்சிவலசைப் பேனாவால் குறிப்பதை விட்டுவிட்டு அவர் பென்சிலுக்கு மாறினார், திங்கட்கிழமை தோறும் நாற்காலி போட்டு ஏறி, அழிரப்பரால் பூப்போல அழித்து, இன்னும் கொஞ்சம் கிழக்கே தள்ளி வரைந்துவிட்டு இறங்கினார். "வேற ஒண்ணும் செய்ய விதியில்ல" என்றார் எங்களிடம். "ஊராட்சின்னா என்னன்னு சட்டத்துல இருக்கு. அது நிக்கணும்னு சட்டத்துல இல்ல."

ஊரெல்லாம் இப்படிப் பழகிக்கொண்டபோது பழக முடியாமல் தவித்தவர் ஒருவர் இருந்தார். நொச்சிவலசு ஊராட்சித் தலைவர் பாவாத்தாள். ஊர் நடக்க ஆரம்பித்த அன்றைக்கு முதலில் கைதட்டிச் சிரித்தவரும் அவர்தான். புருஷன் போன பிறகு தானே காளை வளர்த்து, தானே சந்தைக்கு ஓட்டிப்போய் விற்று, ஒரே மகளைக் கரையேற்றிய மனுஷி. டவுனோடு சேரமாட்டேன் என்று ஊர் கால் எடுத்து வைத்தபோது தான் பெற்ற பிள்ளை நடந்த மாதிரி பூரித்தார். ஆனால் பங்குனி பிறந்ததும் மகள் மோகனப்பிரியா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். வயிற்றில் பிள்ளை தலை திரும்பாமல் இருக்கிறது, வலி கண்டால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் கொண்டுவந்துவிடுங்கள் என்று வேலம்புதூர் அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். வலி காண இன்னும் நாள் இருக்கிறது, வருகிற வெள்ளிக்கிழமை டவுனில் பெரியப்பா மகன் வீட்டில் கொண்டுபோய்த் தங்கவைத்துவிடலாம் என்று ஏற்பாடு. அதுவரைக்கும் பாவாத்தாள் தினம் காலையில் எழுந்து வாசலில் நின்று, மேற்கே ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு சிறுத்திருக்கிறது என்று பார்த்தார். சுண்டைக்காய் அளவு ஆனது. மிளகு அளவு ஆனது. ஒரு நாள் தெரியவில்லை.

"சித்தெ நில்லு சாமி" என்று தரையைத் தொட்டுச் சொன்னார் பாவாத்தாள். "புள்ள பொறக்கட்டும். அப்பறம் எங்க வேண்ணாலும் போ."

ஊர் அன்றைக்கும் நடந்தது. அதற்குக் காதில் விழவில்லையோ என்னவோ. போகிறவர்களுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுவது கேட்காது.

சட்டமன்றம் கூடுவதற்கு முன்னால் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. வேலம்புதூரில் இருக்கிற ஒன்றிய அலுவலகத்துக்கு வந்து ஊராட்சித் தலைவர்களைப் பார்ப்பது வழக்கம். வருகிற மசோதாக்கள் இன்னின்ன என்று அவர் சொல்வார், எங்களுக்கு இன்னின்ன கஷ்டம் என்று தலைவர்கள் சொல்வார்கள், சொல்லி முடிப்பதற்குள் போண்டா ஆறிவிடும். எம்.எல்.ஏ. செம்மலையப்பன் மாட்டுத் தரகர் மகன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கட்சிக்காரர்கள் எல்லாரும் கரை போட்ட துண்டு போட்டால் இவர் மட்டும் அப்பாவின் பழைய பருத்தித் துண்டைப் போட்டிருப்பார். நல்ல மனுஷன், வாய்தான் இல்லை. சட்டமன்றத்தில் அவர் இதுவரை தண்ணீர் கேட்பதற்குத்தான் வாய் திறந்திருக்கிறார் என்று டீக்கடையில் சொல்வார்கள், அதை அவரும் கேட்டுச் சிரித்திருக்கிறார்.

அந்தப் புதன்கிழமை மதியம் கூட்ட அறையில் மின்விசிறிகள் சுற்றின. தேவசகாயம் எழுந்து மசோதாவின் சாரத்தைப் படித்தார். படித்து முடித்ததும் காளியணை ஊராட்சித் தலைவர் பழனியப்பன், கனத்த மீசைக்காரர், முதலில் ஆரம்பித்தார்.

"எங்களையெல்லாம் சேர்த்துப்போடுவீங்க, பாவாத்தாளக்கா ஊரு மட்டும் தப்பிச்சுப் போயிருமுங்களா? எங்க ஊருக்கெல்லாம் காலு இல்லீங்களா, இல்ல ரோசம் இல்லீங்களா?"

"உன்ற ஊருக்குக் காலு இருக்குது பழனியப்பா" என்றார் பாவாத்தாள். "நீ அது மேல ஏறி உக்காந்திருக்கிறயே, அது எப்பிடி எந்திரிக்கும்?"

அறை சிரித்தது. பழனியப்பனும் மீசைக்குள் சிரித்தார். செம்மலையப்பன் மட்டும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா" என்றார் மெதுவாக. "நான் மறைக்கலீங்க. மேல இருந்து சொல்லிட்டாங்க. மசோதா வர்ற அன்னைக்கு எல்லாரும் கை தூக்கணும். தூக்காதவங்களுக்கு அடுத்த வாட்டி சீட்டு இல்ல. நான் பேசறதுக்கு எழுதிக்கூடக் குடுத்துட்டாங்க, 'வரவேற்கிறேன்'ன்னு ஆரம்பிக்குது."

"வரவேத்துக்கோ தம்பி. நான் உன்னைய மசோதாவை நிறுத்துன்னு கேக்கல. அந்த அஞ்சைக் கொறை. எங்க ஊரு இப்ப நாலு தாண்டி நிக்குது. நாலுன்னு எழுதிட்டா ஊரு நின்னுரும். நின்னுருச்சுன்னா என்ற புள்ளைய நான் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருவேன். அஞ்சுன்னா அது இன்னும் நடக்கும். தம்பி, அது நடக்க நடக்க எனக்கு ஆசுபத்திரி எட்டிப் போகுது."

"நான் வாயில எதையும் சொல்ல முடியாதுக்கா. இங்க சொன்னா அங்க போயிரும்."

"வாயில யாரு சொல்லச் சொன்னா?" என்றார் பாவாத்தாள், அவர் தோளைப் பார்த்து.

செம்மலையப்பன் துண்டை எடுத்தார்.

மாட்டுச் சந்தையில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் துண்டுக்கு அடியில் போகும். விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, விரலை மடக்கினால் ஒரு கணக்கு, மேலே இரண்டு முகங்களும் மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பேசி முடிந்தது என்ன என்பது அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும், அதை வெளியே சொல்கிறவனை அடுத்த சந்தையில் யாரும் சேர்க்கமாட்டார்கள். பாவாத்தாள் முதன்முதலாகத் தனியே காளை ஓட்டிக்கொண்டு சந்தைக்கு வந்த அன்று, பொம்பளைகூட எப்படிக் கை பிடிப்பது என்று தரகர்கள் எல்லாம் ஒதுங்கி நின்றபோது, "மாடு நிக்குது, அம்மிணி நிக்குது, அப்பறம் என்னடா?" என்று சொல்லித் துண்டைப் போட்டவர் செம்மலையப்பனின் அப்பா. போட்ட துண்டு இதே துண்டு.

மேஜைமேல் துண்டு விரிந்தது. இரண்டு கைகளும் அடியில் போயின. தலைவர்கள் எல்லாரும், சந்தையில் செய்வது போலவே, வேறு பக்கம் பார்த்தார்கள்.

"இந்த வருசம் மழை எப்பிடீங்கக்கா?" என்றார் செம்மலையப்பன், ஐந்து விரலையும் பிடித்துக்கொண்டு.

"எங்க தம்பி, மேகம் கூடுது, கலையுது" என்றார் பாவாத்தாள், அவர் விரல்களில் மூன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைத் தள்ளினார்.

"மாசம் போகணும்ங்க." அவர் கை திரும்பவும் ஐந்தாய் விரிந்தது.

"சித்திரையில ஒரு மழை பேஞ்சுட்டாப் போதும்." பாவாத்தாள் நாலு விரலைப் பிடித்தார், பிடித்ததை விடவில்லை. கைக்குக் கண்ணீர் கிடையாது. இருந்தால் துண்டு நனைந்திருக்கும்.

தேவசகாயம் தலைவர்களைப் பார்த்து, "நடவடிக்கைக் குறிப்புல இதை என்னன்னு எழுதட்டும்?" என்றார்.

"மழையைப் பத்தி விவாதிக்கப்பட்டதுன்னு எழுதிக்குங்க சார்" என்றார் பழனியப்பன்.

செம்மலையப்பனின் ஐந்தாவது விரல் மடங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் பாவாத்தாளின் மடியில் செல்போன் அடித்தது. பேசியது பக்கத்து வீட்டு ராமாத்தாள். மோகனப்பிரியாவுக்கு வலி கண்டுவிட்டது. தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்களாம், அவர்கள் பழைய இடத்துக்குப் போய், சோளக்காட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு, "இங்க ஊரே இல்லீங்களே" என்கிறார்களாம்.

பாவாத்தாள் எழுந்தார். துண்டுக்கு அடியிலிருந்த கையை எடுக்க மறந்துபோய், துண்டோடும் எம்.எல்.ஏ. கையோடும் எழுந்தார்.

"என்ற கார்ல போலாம்க்கா" என்றார் செம்மலையப்பன்.

"காருக்கு ரோடு வேணுமே சாமி. ரோடு பழைய இடத்தோட நின்னுபோச்சு. அதுக்கந்தப் பக்கம் வரப்புதான்." அப்படியே ஜன்னல் பக்கம் திரும்பினார், கிழக்கே பார்த்தார், பார்த்த கண் பார்த்தபடி நின்றார்.

முதலில் புழுதி தெரிந்தது. அப்புறம் புழுதிக்குள்ளே மண்குதிரை தெரிந்தது, அதன்மேல் கருப்பராயன் தெரிந்தார், அவர் அரிவாளில் வெயில் தெரிந்தது. அவருக்குப் பின்னால் வேம்பும், வேம்பில் காக்காய்களும், மேல்நிலைத் தொட்டியும், பள்ளிக்கூடமும், கட்டுத்தறியில் கட்டியபடி மாடுகளும், கொடியில் காய்ந்துகொண்டிருந்த சேலைகளும் வந்துகொண்டிருந்தன. இத்தனை நாளும் ஒரு காடு தூரத்துக்கு ஒரு பொழுது எடுத்துக்கொண்ட ஊர், இப்போது கன்றின் சத்தம் கேட்ட பசு கட்டை அறுத்துக்கொண்டு வருவது போல வந்துகொண்டிருந்தது. அது நாலாவது கிலோமீட்டரைத் தாண்டி உள்ளே வந்தது. சிவப்பு மை பூசிய எல்லைக் கல்லை இடுப்பில் தூக்கிக்கொண்டு தன் பழைய இடத்துக்கு வந்தது. வழியில் நின்ற ஆம்புலன்ஸைப் பார்த்தும் அது நிற்கவில்லை. பிள்ளையை வேறு கையில் கொடுக்க மனம் வராதவர்களைப் போல ஒதுங்கிக் கடந்து மேலே வந்தது. ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தது.

ஒன்றிய அலுவலகத்தில் யாரும் வாய் பிளந்து நிற்கவில்லை. அதற்கு நேரமில்லை. தலைவர்கள் கீழே ஓடி வரிசையாக நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்களைத் தள்ளினார்கள். பழனியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடு ரோட்டில் நின்று, "ஒதுங்குங்க, ஒதுங்குங்க, ஊரு வருது" என்று லாரிகளை நிறுத்தினார். கடைக்காரர்கள் வெளியே நீட்டியிருந்த படுதாக்களைச் சுருட்டினார்கள், இளநீர்க்காரர் வண்டியை உள்ளே இழுத்தார், டிராபிக் போலீஸ்காரர் கையை நீட்டி நாலு பக்கமும் நிறுத்திவிட்டு, கருப்பராயன் கடக்கும்போது மட்டும் தொப்பியைக் கழற்றினார். நொச்சிவலசு டவுனுக்குள் வந்தது. பஸ் நிலையத்தைக் கடந்தது. எந்த டவுனோடு சேரமாட்டேன் என்று புறப்பட்டதோ அதன் நட்ட நடுவில், அரசு ஆஸ்பத்திரியின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, பாவாத்தாள் வீட்டு வாசல்படி பிரசவ வார்டின் படிக்கு நேராக வரும்படி வந்து நின்றது. நின்று மூச்சு வாங்கியது. வீட்டுக் கூரைகள் எல்லாம் ஏறி ஏறி இறங்கின.

மோகனப்பிரியாவை யாரும் தூக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ராமாத்தாள் தோளைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டு வாசலிலிருந்து இறங்கி, வார்டுப் படியில் ஏறினாள். டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டே வெளியே வந்து, ஒரு ஊர் நிற்பதைப் பார்த்து, "கூட ஒருத்தர் மட்டும் இருங்க, மத்தவங்க எல்லாம் வெளிய" என்றார்.

பாவாத்தாளும் செம்மலையப்பனும் ஓடி வந்து சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். நொச்சிவலசு வேம்பு, ஆஸ்பத்திரிச் சுவருக்கு மேல் கிளையை நீட்டிக்கொண்டு நின்றது. உள்ளே மகள் கத்துவது கேட்டது. ஒவ்வொரு கத்தலுக்கும் தரை லேசாக இழுத்துக்கொண்டது.

"தப்புப் பண்ணிட்டோம்க்கா" என்றார் செம்மலையப்பன். "எங்கப்பா இருந்திருந்தா துண்டாலயே அடிச்சிருப்பாரு. மாடு சந்தையில இல்லாம பேரம் பேசக் கூடாது. வெலை பேசறவங்க கண்ணு முன்னால அது நிக்கணும். ஊரு இல்லாத எடத்துல உக்காந்துட்டு நீங்க நாலுங்கறீங்க, நான் அஞ்சுங்கறன்."

"எனக்கும் தோணலையே" என்றார் பாவாத்தாள். "இத்தன மாடு வித்தவ, எனக்கும் தோணல."

"இப்பத்தான் வந்து நின்னுருச்சே."

"வந்து நின்னதுதான் போச்சே தம்பி! இனி நாலென்ன, அஞ்சென்ன? டவுனுக்குள்ளாறவே நிக்குது. நீ ஒண்ணுன்னு எழுதினாலும் பிடிச்சுக்குவாங்க. என்ற புள்ளைக்காக வந்து மாட்டிக்கிச்சு." அழக்கூடாது என்றுதான் இருந்தார், ஊர் மூச்சு வாங்குவதைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

பொழுது சாய்கிற நேரத்தில், கால் முதலில் வந்து, இடுப்பு வந்து, எல்லாரையும் பயமுறுத்திவிட்டுக் கடைசியில் தலையும் வந்தது. பெண் குழந்தை. கத்தியது. அந்தச் சத்தம் கேட்டதும் நொச்சிவலசு மாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்து அசைபோட ஆரம்பித்தன.

செம்மலையப்பன் அப்போதுதான் எழுந்தார். எழுதிக்கொடுத்த பேச்சு அவர் சட்டைப்பையில் இருந்தது. வேம்பின் அடியில், மண் வெறுமனே இருந்த இடமாகப் பார்த்துத் துண்டை விரித்தார். மண்டி போட்டு உட்கார்ந்து, வலது கையை அடியில் வைத்தார். நாங்கள் எல்லாரும் இருந்தோம். தலைவர்கள் இருந்தார்கள், தேவசகாயம் இருந்தார், ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகள் இருந்தார்கள். எல்லாரும் வேறு பக்கம் பார்த்தோம்.

"மழை வருமுங்களா?" என்று கேட்டார் அவர், மண்ணைப் பார்த்து அல்ல, வானத்தைப் பார்த்து.

துண்டு அசைந்தது. ஊர் எதைப் பிடித்தது என்று எங்களுக்குத் தெரியாது. அவர் முகம் மட்டும் தெரிந்தது. சந்தையில் எவ்வளவு பெரிய பேரத்திலும் அசையாத தரகர் குடும்பத்து முகம், அன்றைக்கு வெயிலில் வைத்த வெண்ணெய் போல ஆனது. ரொம்ப நேரம் அவர் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது ஆள்காட்டி விரல் மட்டும் செம்மண்ணாக இருந்தது, மற்ற விரல்களில் ஒரு தூசி இல்லை.

பாவாத்தாள் எதுவும் கேட்கவில்லை. துண்டுக்கு அடியில் நடந்ததைக் கேட்கிற வழக்கம் இல்லை.

பிள்ளையும் தாயும் வார்டில் இருந்த வரைக்கும் நொச்சிவலசு ஆஸ்பத்திரியை விட்டு அசையவில்லை. அதுவும் பழகிப்போயிற்று. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவர்கள் நொச்சிவலசுக் குழாயில் துணி துவைத்தார்கள், நொச்சிவலசுக் கோழிகள் மருந்து வாங்கும் வரிசையில் நின்றன, வெளிநோயாளிகள் சீட்டு எழுதுகிற இடத்துக்கு முதலில் கருப்பராயனைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். டாக்டரம்மா மதியம் பாவாத்தாள் வீட்டில் ரசம் வாங்கிச் சாப்பிட்டார். நகராட்சி ஆணையர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இது ஆக்கிரமிப்பில் வருமா?" என்று கேட்டார். தேவசகாயம், "பார்வையாளர் நேரத்துல வரும் சார்" என்றார். அவர் அந்த வாரம் வரைபடத்தில் எதையும் அழிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னத் தொட்டில் மட்டும் வரைந்திருந்தார்.

மசோதா வந்த அன்று ஒன்றிய அலுவலகத்து டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தோம். அமைச்சர் படித்தார். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வரவேற்றார்கள். எங்கள் எம்.எல்.ஏ. முறை வந்ததும் பழனியப்பன், "தண்ணி கேப்பாரு" என்றார். செம்மலையப்பன் எழுந்தார். எழுதிக்கொடுத்த காகிதத்தைப் பிரிக்கவில்லை. ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தினார். அந்த விரலில் செம்மண் இன்னும் போகாமல் இருந்ததை டி.வி.யிலேயே பார்த்தோம்.

"ஒரே ஒரு வார்த்தைங்க" என்றார். "சேர்க்கறதுக்கு முன்னால கேளுங்க. அவ்வளவுதானுங்க. அந்தந்த ஊரு கூடி உக்காரட்டும், அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க. ஒரு மாட்டை ஓட்டிட்டுப் போறதுன்னாக்கூடக் காதுல சொல்லிட்டுத்தான் நாங்க கவுத்தை அவுப்போம். இது ஊருங்க. நம்மளப் பெத்துதுங்க."

உட்கார்ந்தார். முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள், பார்த்த பார்வையில் அடுத்த தேர்தல் முடிந்தது. அப்புறம் கடைசி வரிசையில் ஒரு மேஜையில் தட்டும் சத்தம் கேட்டது. வடக்கேயிருந்து வந்த யாரோ ஒரு உறுப்பினர், அவர் ஊர் என்ன நடை நடந்துகொண்டிருந்ததோ. அப்புறம் இன்னொரு மேஜை. அப்புறம் எந்தக் கட்சி எந்தப் பக்கம் என்று தெரியாமல் மழை பிடித்துக்கொண்டது போல மேஜைகள் எல்லாம்.

மசோதா நிறைவேறியது. கிராம சபையைக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி கூடியிருந்தது. நொச்சிவலசில் சபை கூடியபோது அதிகாரிகள் வந்து கேட்டார்கள். "இப்ப வேண்டாமுங்க, வேணும்னா நாங்களே வந்து சொல்றமுங்க" என்றார்கள் சனங்கள். காளியணை மட்டும் சேர்ந்துகொண்டது, பழனியப்பனுக்குப் பாதாளச் சாக்கடை பிடித்திருந்தது. கேட்டுச் சேர்ந்ததால் அந்த ஊர் தண்ணீர் குடித்தது.

பிள்ளைக்குத் தொட்டில் கட்டிப் பேர் வைக்கிற அன்று நொச்சிவலசு திரும்பிப் போனது. அவசரமில்லாமல் போனது. பழைய இடத்தில் அப்படியே போய்ப் படுக்கவில்லை. மாடு முன்பு படுத்த தடத்தை விட்டுச் சற்றுத் தள்ளித்தான் படுக்கும், அதுபோலப் பஸ் நிறுத்தத்தை விட்டு நல்ல தூரம் உள்ளே தள்ளிப் படுத்துக்கொண்டது. அதற்கப்புறம் அசையவே இல்லை. நிறுத்தத்தில் இறங்கினால் நிழலே இல்லாத கரட்டுக்காட்டில் நடக்க வேண்டும் என்று சனங்கள் சலித்துக்கொண்டார்கள், பாவாத்தாள் தார் ரோடு கேட்டு மனுக் கொடுத்தார், தேவசகாயம் நொச்சிவலசைக் கடைசியில் பேனாவால் வரைந்தார்.

செம்மலையப்பனுக்கு அடுத்த முறை சீட்டுக் கொடுக்கவில்லை. கார் போயிற்று, கூட வருகிறவர்கள் போனார்கள். அவர் அப்பாவின் தொழிலுக்கே திரும்பி, சந்தையில் துண்டோடு நின்றார். இரண்டாவது வருஷம் சித்திரையில், நொச்சிவலசுக் கோயில் நோம்பிக்குப் பாவாத்தாள் சொல்லியனுப்பியிருந்தார் என்று, உச்சி வெயிலில் டவுன் பஸ்ஸில் ஏறினார். ஆறுச்சாமி எழுந்து தன் சீட்டைக் கொடுத்தார்.

"நிறுத்தத்துல இருந்து ரொம்ப தூரம் நடக்கணுமுங்க" என்றார் ஆறுச்சாமி. "இந்த வெயில்ல எப்பிடிப் போவீங்க? குடையாச்சும் கொண்டாந்திருக்கலாம்."

"துண்டு இருக்குதப்பா, தலைக்குப் போட்டுக்கறன்."

பஸ் நின்றது. செம்மலையப்பன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்து, பார்த்துப் பார்த்துப் படி இறங்கினார். கடைசிப் படியிலிருந்து காலை எடுத்து வைத்தபோது வெயில் படவில்லை. நிமிர்ந்து பார்த்தார். மேலே வேப்பமரம் பூத்திருந்தது. பாவாத்தாள் வீட்டு வாசல் பஸ்ஸின் படிக்கு நேராக இருந்தது, வாசலில் ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டு, அவர் நீட்டிய ஆள்காட்டி விரலை முழுக் கையாலும் பிடித்தாள்.

அவருக்கு அந்தப் பிடி தெரிந்திருந்தது.